பிறர் பூனை

1

சென்ற சித்திரையில் நண்பர் ஒருவர், கவிஞர், தம் வீட்டுச் சாவியையும் முழுத்தாள் இரண்டில் எழுதிய ஒரு குறிப்பையும் என்னிடம் கொடுத்துவிட்டு மெல்போர்னில் இருக்கும் மகள் வீட்டுக்குப் போனார். நாற்பது நாள். அதுவரை அவருடைய பூனையை நான் பார்த்துக்கொள்ள வேண்டும். இது எனக்குப் புதிதல்ல. பத்துப் பன்னிரண்டு வருஷங்களாக, ஊருக்குப் போகிற நண்பர்களின் பூனைகளைப் பார்த்துக்கொண்டு வருகிறேன். எனக்கென்று பூனை கிடையாது. வாடகை வீடு, வீட்டுக்காரருக்குப் பூனை ஆகாது.

அந்தக் குறிப்பைப் பற்றி எழுத வேண்டும் என்றுதான் உட்கார்ந்தேன். நண்பரின் இரண்டு தொகுப்புகளிலும் சேர்த்துப் பூனை வருகிற கவிதைகள் ஆறு. ஆறும் எனக்கு மனப்பாடம். பூனை அவற்றில் இரவாக வருகிறது, தனிமையாக வருகிறது, ஓரிடத்தில் காலமாகவே வருகிறது. பூனையாக ஒரு தடவையும் வரவில்லை. குறிப்பு வேறு மாதிரி இருந்தது.

"சாப்பாட்டுக் கிண்ணத்தைச் சுவரோரம் வைக்காதே. வாசலுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு சாப்பிட மாட்டாள்."

"அலமாரிக்கு அடியில் போய்விட்டால் கூப்பிடாதே. கூப்பிட்டால் இன்னும் ஒரு சாண் உள்ளே போவாள்."

"பேப்பர் படிக்கும்போது மேலே வந்து உட்காருவாள். அந்தப் பக்கத்தைப் படிக்காமல் விட்டுவிடு."

"மாத்திரை எதையும் தரையில் தவறவிடாதே. பாராசிட்டமால் பூனைக்கு விஷம்."

இப்படிப் பதினான்கு. உவமை இல்லை. 'போல' என்ற சொல் இரண்டு தாளிலும் ஒரு இடத்தில்கூட வரவில்லை. கவிதைகளில் அது ஆறிலும் உண்டு. இரண்டையும் எழுதியது ஒரே கை, ஒரே பேனா. கவிதைகளை எழுதும்போது இவருக்கு வாசகன் யாரென்று தெரியாது, அல்லது மிக நன்றாகத் தெரியும். நாம் ஒரு ஐம்பது பேர்தானே. குறிப்பை எழுதும்போது வாசகன் ஒருவன்தான். அவன் இதைப் படித்துவிட்டு ஏதாவது செய்ய வேண்டும். தவறாகச் செய்தால் ஒரு பிராணி பட்டினி கிடக்கும். இந்த நெருக்கடி அவருடைய நடையைச் சுத்தம் செய்துவிட்டது. தமிழில் பூனையைப் பற்றிய நல்ல உரைநடை என்று காட்ட என்னிடம் வேறு எதுவும் இல்லை, இந்த இரண்டு தாள்தான் இருக்கிறது என்று அன்றைக்கே இன்னொரு நண்பரிடம் ஃபோனில் சொன்னேன். அப்படிச் சொன்னதில் எனக்குக் கொஞ்சம் பெருமையும் இருந்தது. அந்தப் பெருமை என்ன விலைக்கு வந்தது என்பதைப் பின்னால் சொல்கிறேன்.

2

பூனையை நாம் எப்போதும் எதற்காவது சாட்சிக்கு அழைத்திருக்கிறோம். மனம் நிலைகொள்ளாதவனுக்கு மதில்மேல் பூனை. தன்னையே ஏமாற்றிக்கொள்பவனுக்குக் கண்ணை மூடிக்கொண்ட பூனை. தைரியமில்லாத கூட்டத்துக்கு மணி கட்டப்படாத பூனை. மாமல்லபுரத்துப் பாறையில் ஒற்றைக்காலில் தவம் செய்கிறவர்கள் நடுவே ஒரு பூனையும் கைதூக்கித் தவம் நிற்கிறது, எலிகள் காலடியில். அது போலிச் சாமியாருக்குச் சாட்சி. வைஷ்ணவத்தில் தென்கலையார் பூனையையும் குட்டியையும் காட்டுகிறார்கள்: தாய் கவ்விக்கொண்டு போகிறது, குட்டி ஒன்றும் செய்ய வேண்டியதில்லை, சரணாகதி அப்படி. அது பகவானுடைய கருணைக்குச் சாட்சி. பாரதியின் 'முரசு' பாட்டில் வெள்ளைப் பூனை பல நிறத்தில் குட்டி போடுகிறது; அது மனிதரில் சாதி பிரிப்பது மடமை என்பதற்குச் சாட்சி.

இவையெல்லாம் தவறு என்று சொல்லவில்லை. பாரதிக்கு அந்த இடத்தில் பூனை தேவையில்லை, நியாயம் தேவை. ஆனால் குட்டிகளின் நிறங்களை ஒவ்வொன்றாகப் பேர் சொல்லிப் பிரிக்கிற இடத்தில் அவன் ஒரு கணம் நியாயத்தை மறந்துவிட்டுக் குட்டிகளைப் பார்த்துவிடுகிறான். பாட்டு உயிரோடிருப்பது அந்தக் கணத்தில்தான்.

பழைய கவிகள் இந்த விஷயத்தில் நம்மைவிடக் கண்ணுள்ளவர்கள். குறுந்தொகை 107இல் விடியற்காலையில் கூவித் தன்னை எழுப்பிவிட்ட சேவலை ஒருத்தி சபிக்கிறாள். நள்ளிரவில் வீட்டெலிக்காகக் காத்திருக்கும் இளம் காட்டுப்பூனைக்கு நீ இரையாகு என்று. சபிக்கிற கோபத்திலும் அந்தப் பூனை எந்த நேரத்தில், எதற்காக, என்ன வயதில் வருகிறது என்பது அவளுக்குத் துல்லியமாகத் தெரிகிறது. 220இல் ஒக்கூர் மாசாத்தியார் முல்லையின் சிறு மொட்டுகளைக் காட்டுப்பூனை சிரித்ததற்கு ஒப்பிடுகிறார். உவமைதான். ஆனால் அந்த உவமையை எழுத, பூனையின் உதடு பின்வாங்கிச் சிறு பற்கள் தெரிவதை யாராவது கிட்டத்தில் நின்று பார்த்திருக்க வேண்டும். காட்டுப்பூனை யாருக்கும் சொந்தமில்லை. அதனிடமிருந்து எடுத்துக்கொள்ளக் கூடியது அந்தப் பார்வை ஒன்றுதான்.

கம்பன் ஒருவன் பூனையைத் தன்மேலேயே ஏற்றிக்கொள்கிறான். பாற்கடலை முழுக்க நக்கிக் குடித்துவிடலாம் என்று புறப்பட்ட பூனை நான் என்று அவையடக்கத்தில் சொல்கிறான். பூனையை வைத்துப் பிறரைச் சுட்டுவதுதான் நம் வழக்கம். தன்னைச் சுட்டிக்கொண்டதால் இந்தப் பூனைக்கு ஒரு கௌரவம் வந்திருக்கிறது. நம் நாளில் எழுதுகிறவனுக்கும் இது ஞாபகத்தில் இருந்தால் நல்லது.

3

பிறர் பூனையைப் பற்றி எழுதினால் என்ன ஆகும் என்பதற்கு ஐரோப்பாவில் ஒரு நல்ல உதாரணம் உண்டு. 1747இல் ஹொரேஸ் வால்போலின் பூனை தங்கமீன் வைத்திருந்த சீனப் பீங்கான் தொட்டியில் விழுந்து இறந்துபோனது. அவருடைய நண்பர் தாமஸ் கிரே அதற்கு இரங்கல் பாட்டு எழுதினார். எழுதுவதற்கு முன்னால், செத்தது இரண்டு பூனைகளில் எது என்று வால்போலுக்குக் கடிதம் போட்டு விசாரித்தார். பாட்டு அழகானது; வேலைப்பாடும் ஹாஸ்யமும் உள்ளது. முடிவில் பெண்களுக்கு ஒரு நீதியும் இருக்கிறது. வால்போல் பிற்பாடு அந்தத் தொட்டியைத் தன் மாளிகையில் ஒரு பீடத்தில் ஏற்றிப் பாட்டின் வரிகளை அதில் பொறித்து வைத்தார். எது செத்தது என்று கேட்டு எழுத வேண்டியிருந்ததே, பாட்டின் கோளாறு எல்லாம் அங்கே இருக்கிறது. துக்கம் வால்போலுடையது. கிரேக்கு ஒரு சந்தர்ப்பம் கிடைத்தது. அதற்குமேல் இல்லை.

இதற்கு நேர் எதிரே கிறிஸ்டஃபர் ஸ்மார்ட். 1759க்கும் 1763க்கும் இடையில், பெரும்பாலும் பைத்தியக்கார விடுதியில் அடைபட்டிருந்தபோது, ஒரு நீண்ட கவிதையை எழுதினார். அதில் எழுபதுக்கு மேற்பட்ட வரிகள் ஜெஃப்ரி என்ற அவருடைய பூனையைப் பற்றியவை. பூனை காலையில் எழுந்ததும் செய்கிற காரியங்களை ஒன்று, இரண்டு என்று பத்துவரை எண்ணுகிறார்: முன்காலைப் பார்ப்பது, பின்காலை உதைப்பது, சோம்பல் முறிப்பது, மேலெல்லாம் நக்குவது, கம்பத்தில் உரசுவது. ஸ்மார்ட்டுக்கு இது கடவுள் வழிபாடு. எனக்குக் கடவுளைப் பற்றி அபிப்பிராயம் இல்லை. ஆனால் அந்தப் பத்தையும் நான் வேறு வேறு வீடுகளில், வேறு வேறு பூனைகளிடம் சரிபார்த்திருக்கிறேன். அவர் எண்ணியது சரி. கையெழுத்துப் பிரதி 1939இல்தான் அச்சேறியது. எலியட்டின் பூனைப் புத்தகமும் அதே 1939இல் வந்தது. எலியட்டின் பூனைகள் மீசை வைத்த லண்டன் கனவான்கள். படிக்கச் சந்தோஷமாக இருக்கும், பூனை மட்டும் இருக்காது.

போதலேரின் 'பூனைகள்' என்ற பதினாலடிப் பாட்டை 1962இல் யாகப்ஸனும் லெவி-ஸ்ட்ராஸும் சேர்ந்து பிரித்துப் போட்டார்கள். இயைபின் பால், பெயர்ச்சொல்லின் எண், அடிகளின் பிரிவு எல்லாம் வந்தன. அமைப்பியல் தமிழில் பேசப்பட்ட 1980களில் இந்தக் கட்டுரையின் பேரை நாமும் மிரட்டலாகப் பயன்படுத்தியிருக்கிறோம். நானும் பயன்படுத்தியிருக்கிறேன். அதிலிருந்து கற்றுக்கொள்ள நிறைய உண்டு. ஆனால் ஒரு பிரதியை இவ்வளவு கவனமாகப் பார்க்கிறபோதே பிரதி எதைப் பார்க்கிறதோ அதைப் பார்க்காமல் இருந்துவிட முடியும் என்பதையும் அது காட்டுகிறது. இது போதலேர்மேல் செய்த தவறா என்பது வேறு சர்ச்சை. அந்தத் தவறை நான் வேறிடத்தில் செய்தேன்.

பிறர் பூனையை எழுதியவர்களில் எனக்கு மிகவும் நெருக்கமானவர் ஜப்பானியக் கவிஞர் ஹிராய்டே தகாஷி. 2001இல் வந்த அவருடைய சிறிய நாவலில் ஒரு தம்பதி பெரிய பழைய வீடு ஒன்றின் தோட்டத்து ஒதுக்குப்புறத்தில் குடியிருக்கிறார்கள். பக்கத்து வீட்டுப் பூனை வந்து போகிறது. தூக்க விடாது. வரும், சாப்பிடும், தூங்கும், போய்விடும். ஒரு நாள் வரவில்லை. இறந்துபோனதைப் பக்கத்து வீட்டாரிடமிருந்து தெரிந்துகொள்கிறார்கள். துக்கம் கேட்கிறவர்கள் இவர்கள். துக்கத்துக்கு உரியவர்கள் அவர்கள். இந்தச் சங்கடத்தை ஹிராய்டே பெரிதாக்கவில்லை. அழ வேண்டிய இடத்தில் ஜன்னலின் அளவைச் சொல்கிறவர் போல எழுதுகிறார். பிறர் பூனையிடம் பழகியவனுக்கு மட்டுமே வருகிற சுருக்கம் அது.

4

பிறர் பூனையிடம் சந்தோஷம் இல்லாமலில்லை. முதல் இரண்டு நாள் அலமாரிக்கு அடியில் இரண்டு கண் மட்டும். மூன்றாம் நாள் சாவி திரும்புகிற சத்தத்துக்கு வால் நிமிர்ந்து வரும். ஒரு நண்பரின் செவலைக் கடுவன் நான் போகிற ஒவ்வொரு சாயங்காலமும் ஒரு பல்லியைக் கொண்டுவந்து செருப்பின் பக்கத்தில் வைக்கும். இன்னொரு வீட்டில் தாய்ப்பூனை குட்டிகளை ஏழு இடம் மாற்றியது; அதில் ஐந்தாவது இடம் என் ஜோல்னாப்பை. நான் எழுதி முடிக்காத கட்டுரை ஒன்று அதற்குள் இருந்தது. அது முடியாமல் போனதற்கு இன்றுவரை அந்தக் குட்டிகளைத்தான் காரணம் சொல்லி வருகிறேன்.

வருத்தமும் அதே அளவு. வீட்டுக்காரர் திரும்பி வந்ததும் பூனை நம்மைத் தாண்டிப் போய் அவர் பெட்டியை முகரும். ஆறு மாதம் கழித்துப் போனால் அயலான் காலை முகர்கிற மாதிரி நம் காலையும் முகரும். "யாருன்னு தெரியலே பாரு" என்று அவர்கள் சிரிப்பார்கள். நாமும் சிரிக்க வேண்டும்.

'வளர்க்கிறேன்' என்று சொல்ல நமக்கு உரிமை இல்லை. சொல்லக்கூடியது 'பார்த்துக்கொள்கிறேன்' என்பது மட்டும். இந்தச் சொல்லை யோசித்திருக்கிறோமா? பார்ப்பது ஒன்று, கொள்வது ஒன்று. நமக்கென்று கொள்ளக் கிடைப்பது பார்த்தது மட்டும்தான். மற்றதெல்லாம் திரும்பக் கொடுக்க வேண்டியது. நம் மொழியில் உரிமை என்றால் சொந்தமும் அதுவே, நெருக்கமும் அதுவே. 'உரிமையோடு சொல்கிறேன்' என்கிறோம். சொந்தமில்லாத நெருக்கத்துக்குத் தனியாக ஒரு சொல் நம்மிடம் இல்லை. இருப்பது பொறுப்பு.

பட்டுவுக்குப் பதின்மூன்று வயது. சாம்பல் நிறம், வெள்ளைக் கால்கள். நண்பரின் குறிப்பில் ஒன்பதாவது இது: "இப்போதெல்லாம் தண்ணீர் நிறையக் குடிக்கிறாள். வெயிலாக இருக்கும். இரண்டு கிண்ணமாக வை."

நான் இரண்டு கிண்ணமாக வைத்தேன். தினமும் நிரப்பினேன். அந்த வாக்கியத்தைப் பலமுறை படித்துப் பார்த்தேன். 'வெயிலாக இருக்கும்' என்பதில் உள்ள தயக்கம் எனக்குப் பிடித்திருந்தது. மூன்றே சிறு வாக்கியங்களில் ஒரு கோடையே வந்துவிடுகிறதே என்று நினைத்தேன். ஃபோனில் இன்னொரு நண்பருக்குப் படித்துக்காட்டிய உதாரணங்களில் இதுவும் ஒன்று.

பதினோராம் நாள் அவள் சாப்பிடவில்லை. நெத்திலியை முகர்ந்துவிட்டுத் திரும்பிக்கொண்டாள். தூக்கியபோது எடையே இல்லை. வாயில் ஒரு நெடி. கூடையில் வைத்து ஆட்டோவில் டாக்டரிடம் கொண்டுபோனேன். ரத்தம் எடுத்துப் பார்த்தார். இரண்டு சிறுநீரகமும் கெட்டிருந்தன. வயதான பூனைகளுக்குச் சாதாரணமாக வருகிறதுதான்; மூன்றில் இரண்டு பங்கு போன பிறகுதான் வெளியே தெரியும் என்றார். தெரிகிற முதல் அடையாளம் எது என்று கேட்டேன். "தண்ணி நிறையக் குடிக்கும்" என்றார்.

வாக்கியத்தை எழுதியவர் சரியாகத்தான் பார்த்திருந்தார். அதற்குக் கொடுத்த அர்த்தம்தான் தவறு. அவர் பூனையோடு தினம் இருந்தவர். மெல்லக் கூடியது அவர் கண்ணுக்குத் தப்பியிருக்கலாம். எனக்கு அந்தச் சமாதானம் கிடையாது. நான் புதிதாக வந்தவன். செய்தி எழுத்தில் என் கையில் இருந்தது. வாக்கியத்தை ரசித்தேன். வாக்கியம் என்ன சொல்கிறது என்று கேட்கவில்லை. முப்பது வருஷமாக விமரிசனம் என்ற பேரில் நான் செய்துவந்ததில் எவ்வளவு பங்கு இது என்று அன்றிரவு நினைத்துப் பார்த்தேன். கணக்கு எனக்குச் சாதகமாக இல்லை.

நான்கு நாள் தோள்பட்டைத் தோலுக்கு அடியில் சலைன் ஏற்றினார்கள். ஏற்றிய இடம் சிறு பை மாதிரி தொங்கிக் கொஞ்சம் கொஞ்சமாக வடியும். மெல்போர்னுக்குத் தினம் இரண்டு தடவை ஃபோன். படம் அனுப்பச் சொன்னார், அனுப்பினேன். படத்தில் அவள் வெறுமே தூங்குகிறவள் மாதிரி இருந்தாள். "நன்றாகத்தானே தெரிகிறாள்" என்றார். பதினைந்தாம் நாள் இரவு என் மடியில் இல்லை, அலமாரிக்கு அடியில் இறந்தாள். குறிப்பில் எழுதியிருந்தபடி நான் கூப்பிடவில்லை.

காலையில் வீட்டுக்குப் பின்புறம், முருங்கைக்குப் பக்கத்தில் குழி வெட்டினேன். மாடி வீட்டு அம்மாள் பார்த்துக்கொண்டிருந்தார். "உங்க பூனையாங்க?" என்றார். இல்லை என்றேன். "அப்புறம் எதுக்கு இப்படி இருக்கீங்க?" என்றார். நல்ல மனுஷிதான். சாவு கேட்டால் யார் தலை முழுக வேண்டும், யாருக்கு எத்தனை நாள் தீட்டு என்றெல்லாம் நம்மிடம் சட்டம் இருக்கிறது. பிறர் பூனைக்கு எதுவும் இல்லை. இருந்தாலும் தலைக்குக் குளித்தேன்.

5

நண்பர் திரும்பி வந்து இரண்டு மாதம் கழித்துப் பட்டுவைப் பற்றி ஒரு கவிதை எழுதினார். பத்திரிகைக்கு அனுப்புவதற்கு முன்னால் என்னிடம் கொடுத்தார். அதில் பட்டு நதியாகிறாள், பிறகு நிலாவாகிறாள், கடைசியில் கவிஞரின் அம்மாவாகிறாள். துக்கம் உண்மையானது; அதில் எனக்குச் சந்தேகமே இல்லை. கவிதை பொய். அவருடைய ஆறு கவிதைகளோடு இது ஏழாவது என்று சொன்னேன். உன் குறிப்பின் ஒன்பதாவது வரியில் இருக்கிற பூனை இதில் இல்லை என்றும் சொன்னேன். அதைச் சொல்லியிருக்க வேண்டாம். அந்த வரி இப்போது அவருக்கு என்னவென்று எனக்குத் தெரியும்.

வெகுநேரம் பேசாமலிருந்துவிட்டு, "அது உன் பூனையா?" என்று கேட்டார்.

இந்தக் கேள்விக்கு விமரிசகன் என்ற முறையில் பதில் இருக்கிறது. கவிதையும் என்னுடையதல்ல, பிறர் கவிதைகளைத்தான் இவ்வளவு காலமும் பார்த்துக்கொண்டு வந்திருக்கிறேன், சொந்தமில்லை என்பதால் பொறுப்பு குறைவதில்லை. அதை அவரிடம் சொல்லவில்லை. இதே கேள்வியை முருங்கையடியில் கேட்டபோது நான் சொன்ன பதிலையே சொன்னேன். இல்லை என்றேன்.

கவிதை வெளிவந்தது. நம்மில் பலருக்குப் பிடித்திருக்கிறது என்று தெரிகிறது. என் அபிப்பிராயம் மாறவில்லை. ஆனால் அதைச் சொல்லும்போது என் கையிலும் ஒரு பிழை இருக்கிறது என்பதைச் சேர்த்துச் சொல்லாமல் இனிச் சொல்ல முடியாது. அதற்காகத்தான் இதை எழுதினேன்.

போன வாரம் ஃபோன் செய்தார். மாடிப்படிக்குக் கீழே கிடந்த குட்டி ஒன்றை எடுத்துவந்திருக்கிறாராம், கறுப்பு, கடுவன். தை மாதம் மறுபடி மெல்போர்ன் போகிறாராம். வர முடியுமா என்று கேட்டார். வருகிறேன், குறிப்பு எழுதி வை என்றேன். இந்தத் தடவை எழுதியதை உட்கார்ந்து சேர்ந்து படிப்போம் என்றார்.